கன்னிமார் சுனைமேல் கான்கிரீட் போடாதீர்கள்: வன அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட வன அலுவலர் அவர்களுக்கு,

எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள காப்புக்காட்டில், வனவிலங்குகளுக்குக் குடிநீர்த் தொட்டி கட்டுவதற்காக உங்கள் அலுவலகம் குறித்துக் கொடுத்த இடத்தில் ஒரு பழைய சுனை இருக்கிறது. பாறையை வெட்டி, படி செதுக்கி, தண்ணீர் விழப் பசுவின் வாய் போலச் செதுக்கிய பசுவாய் வைத்துச் செய்த சுனை. அதன் மேல்படிவரை இப்போது ஒப்பந்ததாரர் ஜல்லி கொட்டி வைத்திருக்கிறார். அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் தொட்டியை முடித்துவிடுவோம் என்கிறார். அந்த வேலையை நிறுத்தச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். மனுவாகக் கொடுத்தாயிற்று, நேரிலும் சொல்லியாயிற்று. ஊரறிய எழுதுவது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

காட்டின் பெயரையும் சரகத்தின் பெயரையும் இதில் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், மனுவில் எல்லாம் இருக்கிறது. பொதுவில் எழுதினால் வேறு மாதிரி ஆட்கள் வருவார்கள். புதையல் இருக்கும் என்று கல்திட்டைகளையும் நடுகற்களையும் பெயர்த்துப் போட்டிருப்பதை இந்தப் பக்கத்துக் காடுகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுனையின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிய பிறகு இங்கேயும் அது நடந்தது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், கன்னிமாராகக் கும்பிடும் ஏழு கற்களுக்குப் பின்னால் முழங்கால் ஆழத்துக்குக் குழி. வெட்டிய எலுமிச்சம்பழமும் குங்குமமும் கிடந்தன. காவலுக்கு யாரும் இல்லை. ஜல்லிக்கு மட்டும் ஒரு ஆள் காவல் இருக்கிறார்.

நான் நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். தொட்டிக்குப் பாதை ஒதுக்க உண்ணிச்செடி வெட்டுகிற வேலை எங்கள் ஆட்களுக்குத்தான் வந்தது. 1800களின் தொடக்கத்தில் அழகுக்கென்று வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து தோட்டத்தில் வைத்த செடி, இன்றைக்கு எங்கள் காட்டில் ஆள் நுழைய முடியாத புதராக நிற்கிறது. ஆடு கடிக்காது. பழத்தைக் குருவிகள் தின்று காடெங்கும் விதைத்துவிடும். அந்தப் புதரை வெட்டி இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு அக்காவின் அரிவாள் கல்லில் பட்டது. பாறை என்று நினைத்து மண்ணைக் காலால் தள்ளினார். விளிம்பு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. கீழே இன்னொரு கல், அதே நேர்க்கோட்டில். அதற்கும் கீழே இன்னொன்று. மூன்றாவது படியில் மண் ஈரமாக இருந்தது.

எங்கள் குழுவில் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார். வேலை நேரத்தில் அதிகம் பேசமாட்டார். அவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இது கன்னிமார் சுனைடி. எங்க மாமியா இங்கதான் பொங்கல் வைப்பா. இங்கதான் எங்கேயோ இருக்குதுன்னு தெரியும், புதர்ல எதுன்னு தெரியல" என்றார். சுனையை நாங்கள் 'கண்டுபிடித்ததாக' ஒரு நாளிதழில் வந்த செய்தியைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

சுனை எப்படி இருக்கிறது என்பதை நீங்கள் நேரில் வந்து பார்க்காததால் சொல்கிறேன். உங்கள் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் பாதைவரை வந்து, ஜல்லி இறங்கியதா என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

சரிவில் ஒரு பெரிய பாறை, அதில் குறுக்காக ஓடும் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பிலிருந்து தண்ணீர் கசிகிறது. அதற்கு நேர் கீழே பாறையைச் சதுரமாக வெட்டித் தொட்டியாக்கியிருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் பாறையிலேயே வெட்டிய படிகள். தொட்டியின் உள்சுவரில் இரண்டு மீன், ஒரு ஆமை, உடலை வளைத்துக் கிடக்கும் ஒரு பாம்பு. தண்ணீர் குறைந்தால்தான் அவை தெரியும். நாங்கள் சேற்றை அள்ளும்போது ஆமையின் முதுகுதான் முதலில் கையில் பட்டது. உயிருள்ள ஆமை என்று நினைத்துப் பயந்து கையை எடுத்துவிட்டார் ஒரு தம்பி. ஓட்டின் கட்டங்களை ஒவ்வொன்றாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

மேல்தொட்டி நிறைந்தால் தண்ணீர் பசுவாய் வழியாகக் கீழே விழுகிறது. பசுவின் ஒரு காது உடைந்திருக்கிறது, அது பழைய உடைவு. கீழே ஒரு நீளமான கல்தொட்டி. நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இந்தக் கீழ்த்தொட்டியைப் பற்றித்தான். அதன் மூன்று பக்கம் செங்குத்தாக இருக்கிறது. நான்காவது பக்கத்தை மட்டும் உள்ளே சரிவாக வெட்டியிருக்கிறார்கள். கன்றுக்குட்டி, மான்குட்டி, முயல், கௌதாரி எதுவாக இருந்தாலும் நடந்து உள்ளே இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு நடந்தே வெளியே வரலாம். அந்தச் சரிவு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. எத்தனை தலைமுறைக் குளம்புகள் பட்டுத் தேய்ந்ததோ!

மேலே மனிதருக்கு, கீழே கால்நடைக்கும் காட்டு உயிருக்கும். நீங்கள் கட்டப்போகும் வனவிலங்குத் தொட்டி அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

படிக்குப் பக்கத்தில் பாறையில் வட்டமாகச் சில பள்ளங்கள், குடம் வைத்து வைத்துப் பதிந்தவை. அதற்கு அந்தப் பக்கம், நிழல் விழும் இடத்தில் பல்லாங்குழி. ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் ஏழு, ஒன்றும் சிதையாமல் இருக்கிறது. ஆடு மேய்த்தவர்கள் உட்கார்ந்து ஆடியிருப்பார்கள். பாறையின் வலப்பக்கம் இரண்டு வரி எழுத்து. பாசியும் சுண்ணப்படிவும் மூடியிருப்பதால் சில எழுத்துகள்தான் கைக்குத் தட்டுப்படுகின்றன. தெரிகிற எழுத்துகள் நம் இன்றைய தமிழ் எழுத்தைப் போல இல்லை. இது எந்த அரசன் காலம் என்று ஊரில் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். நான் அந்தப் பேச்சுக்கே போகவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் வந்து படிக்கட்டும். அதுவரை அந்த வரிகள் அங்கே இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அவசரப்படக்கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மதுரை மாங்குளத்துக் குகைக் கல்வெட்டுகளை ராபர்ட் சிவெல் கண்டது 1882இல். அதில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் இருக்கிறது என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அடையாளம் கண்டது 1965இல். எண்பது வருடத்துக்கு மேல் அந்தக் கல் சும்மா காத்துக்கொண்டிருந்தது. நடுவில் யாராவது ஒரு பொறியாளர் அந்தப் பாறைக்குச் சிமெண்டு பூசியிருந்தால் அந்தச் சங்ககாலச் சான்று நமக்கு இல்லை.

சுனைக்குள்ளே கோயில் இருக்கும் ஊர் நம்முடையது. சித்தன்னவாசலிலும் நார்த்தாமலையிலும் சுனைத் தண்ணீருக்கு அடியில் லிங்கம் இருக்கிறது, தண்ணீரை இறைத்தால்தான் பார்க்கமுடியும். மதுரைக்குப் பக்கத்தில் சமணர் மலையின் பேச்சிப்பள்ளத்தில் சுனைக்கு மேலே பாறை வரிசையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தும் இருக்கின்றன. அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தபோது, அங்கே இருக்கும் ஏழு குன்றுகளோடு 200 இயற்கைச் சுனைகளையும் சேர்த்துத்தான் சொன்னது. சுனைக்கு மதிப்பு உண்டு என்பது அரசுக்குத் தெரியாத விஷயம் அல்ல. எங்கள் சுனை மட்டும் 'பழைய கல்லு' ஆகிவிட்டது. இந்த வார்த்தை என்னுடையது இல்லை, எனக்குக் கிடைத்த பதில்.

பதில்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படி தெரிந்த அன்றைக்கே வேலையை நிறுத்தி, படம் எடுத்து, மேலே தகவல் சொன்னேன். வேலையைத் தொடரச் சொன்னார்கள். பெண்கள் அந்த இடத்தில் அரிவாள் போட மறுத்து, பத்தடி தள்ளி வெட்டினார்கள். அதற்கு அடுத்த வாரம் ஜேசிபி வந்தது. மேலிருந்து இரண்டாவது படியில் அதன் பல் பதிந்த தடம் இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. தொட்டி விளிம்புக் கல் ஒன்று இரண்டாக உடைந்தது. பசுவாய்க்கு மேலே சிவப்புப் பெயிண்டில் ஒரு எண்ணும் அம்புக்குறியும் போட்டிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டால் லெவல் பார்த்ததாம்.

திங்கள்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுத்தோம். தொன்மைச் சின்னம் பற்றியது என்பதால் தொல்லியல் பக்கம் அனுப்பியதாக ஒரு கடிதம் வந்தது. அங்கிருந்து, சம்பந்தப்பட்ட இடம் காப்புக்காட்டு எல்லைக்குள் வருவதால் வனத்துறையை அணுகவும் என்று பதில் வந்தது. வனத்துறைக்குப் போனோம். 'மனு ஏற்கப்பட்டு முடிக்கப்பட்டது' என்று கைபேசியில் குறுஞ்செய்தி வந்தது. எதை ஏற்றார்கள், எதை முடித்தார்கள் என்று கேட்கப் போனபோது, "காப்புக்காட்டுக்குள்ள உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். நீங்கள் கொடுத்த வேலைதான் சார், உண்ணிச்செடி வெட்ட அனுப்பினீர்கள் என்றேன்.

அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தச் சுனை ஏன் புதருக்குள் போனது என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது.

சுனை என்பது தானாக வாழ்வது இல்லை. மழைக்காலத்தில் மேலிருந்து சருகும் மண்ணும் வந்து விழும். வருடத்துக்கு ஒருமுறை இறங்கி அள்ளாவிட்டால் மூன்று நான்கு வருடத்தில் தூர்ந்துபோகும். எங்கள் ஊர்க்காரர்கள் மாசி முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வருவார்கள். வந்ததும் முதல் வேலை சுனை இறைப்பது. சேற்றை அள்ளி, வெடிப்பில் வளர்ந்த வேரைப் பிடுங்கி, கன்னிமாருக்குப் பொங்கல் வைத்து, அதற்குப் பிறகுதான் ஆடு தண்ணீரில் வாய் வைக்கும். என் அப்பா சிறுவனாக இருக்கும்போது இறங்கி அள்ளியிருக்கிறார். பிறகு மேய்ச்சலுக்குத் தடை, அபராதம், ஆட்டைப் பிடித்துக் கட்டி வைப்பது என்று ஒவ்வொன்றாக வந்தன. பயந்து ஆடுகளை விற்றார்கள். மேய்ச்சல் நின்றதும் தூர் வாருவதும் நின்றது. பாதையை உண்ணிச்செடி எடுத்துக்கொண்டது. மேய்ச்சலே கெடுதல் என்று உங்கள் துறையில் சிலர் நினைப்பது எனக்குத் தெரியும். அளவுக்கு மீறினால் கெடுதல்தான், அதில் நான் வாதாட வரவில்லை. ஆனால் சுனையைப் பார்த்துக்கொண்டவர்களையும் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டு, அந்த வேலையை யாருக்கும் கொடுக்காமல் விட்டது உங்கள் துறைதான்.

திருச்சிக்குப் பக்கத்தில் திருவெள்ளறையில் ஒரு கிணறு இருக்கிறது. பல்லவன் தந்திவர்மன் காலத்தில், அவனுடைய நான்காம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் கம்பன் அரையன் என்பவர் வெட்டி முடித்தது. மாற்பிடுகு பெருங்கிணறு என்று பெயர். ஸ்வஸ்திகா வடிவம், நான்கு பக்கமும் படி. ஏறக்குறைய 1,200 வருடம் ஆயிற்று. அதன் கல்வெட்டில் வெட்டியவர் பெயரோடு, இதைக் காப்பவர்கள் யார் என்பதும் இருக்கிறது: அந்த ஊரின் மூவாயிரத்து எழுநூற்றுவர். தண்ணீரை வெட்டி வைத்தவர்களுக்கு, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பது தெரிந்திருந்தது. உங்கள் மதிப்பீட்டில் சிமெண்டு எத்தனை மூட்டை, கம்பி எத்தனை கிலோ என்று இருக்கிறது. பராமரிப்பு என்ற வரிசையே இல்லை. பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இனி தொட்டியைப் பற்றி. காட்டில் தண்ணீர்த் தொட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுனை இல்லாத பக்கங்களில் அது தேவைதான். ஆனால் ஏற்கெனவே கட்டிய தொட்டிகள் எப்படி இருக்கின்றன என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும், ஏனென்றால் அவற்றைக் கழுவப் போவதும் அவர்கள்தான். டிராக்டர் டேங்கர் வந்தால் தண்ணீர், வராவிட்டால் வெறும் தொட்டி. கோடையில் டேங்கர் தாமதமான ஒரு வாரத்தில் தொட்டியைச் சுற்றி மான் குளம்புத் தடமாகவே கிடந்தது. வந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன. சுவர் செங்குத்தாக இருப்பதால் உள்ளே விழுந்த அணிலும் ஓணானும் ஏறமுடியாமல் செத்து மிதக்கும். இரண்டு கோடை வெயிலில் சிமெண்டு விரிசல் விட்டுத் தண்ணீர் நிற்காமல் போன தொட்டியும் இதே சரகத்தில் இருக்கிறது. அதற்குப் பூச்சு வேலை என்று தனியாக ஒரு மதிப்பீடு வரும்.

சுனைக்கு டேங்கர் வேண்டாம். மேலே மலையில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, பாறையின் வெடிப்புகளில் மெல்ல நகர்ந்து, வெடிப்பு வெளியே திறக்கும் இடத்தில் கசிகிறது. எங்கள் மலையின் கெட்டிப் பாறையில் தண்ணீர் தங்க இடம் கொஞ்சம்தான். அந்த வெடிப்புகள்தான் பாதை. அங்கே பிரேக்கர் போட்டு உடைத்தால் அதிர்வில் தண்ணீர் வேறு பக்கம் திரும்பிவிடக்கூடும். கசியும் வாயில் சிமெண்டு பூசினால் அது கசியாது. போன தண்ணீரைத் திரும்பக் கூப்பிட எந்த ஒப்பந்ததாரராலும் முடியாது. நாங்கள் மேல்தொட்டியில் பாதிச் சேற்றைத்தான் அள்ளியிருக்கிறோம், அதற்குள் அள்ளுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அப்படியும் இந்தப் பங்குனி வெயிலில் பசுவாயின் நாக்கில் நூல் மாதிரித் தண்ணீர் சொட்டுகிறது. கீழ்த்தொட்டியின் சரிவில் ஒரு நாள் காலையில் கரடியின் காலடி, இன்னொரு நாள் முள்ளம்பன்றி முள் இரண்டு. உங்கள் வேட்டைத் தடுப்புக் காவலரிடமே கேளுங்கள், அவர்தான் எனக்குக் காட்டினார். அவரை இதற்காகத் தண்டிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சட்டம் இடம் தரவில்லை என்று சொல்லப்பட்டது. நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் படித்துப் பார்த்தேன். வன உரிமைச் சட்டம் 2006இன் 5ஆவது பிரிவு, நீர்பிடிப்புப் பகுதிகளும் நீர் ஆதாரங்களும் காப்பாற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பை கிராமசபைக்கும் கொடுத்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் விதிகளில் 13ஆவது விதி, சமூக உரிமைக்கான சான்றுகள் எவை என்று சொல்லும்போது, மனிதரும் கால்நடையும் பயன்படுத்திய நீர் ஆதாரங்களையும், ஊரார் கட்டிய பழைய கட்டுமானங்களின் எச்சங்களையும் சொல்கிறது. அப்படியென்றால் குடம் வைத்துத் தேய்ந்த அந்தப் பள்ளமும், மாடு இறங்கித் தேய்ந்த அந்தச் சரிவும் எங்கள் ஊரின் சான்று. அதன்மேல் கான்கிரீட் போட்டால் தொட்டிக்கு அடியில் அதுவும் போகும். உங்களுக்கு அந்த எண்ணம் இருக்கிறது என்று நான் குற்றம் சொல்லவில்லை. விளைவு அதுதான் என்று சொல்கிறேன்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராமசபையில் இந்தச் சுனையைப் பற்றித் தீர்மானம் போட்டிருக்கிறோம். அந்தக் கூட்டத்துக்கு அரசே நாள் குறித்துக் கொடுத்து, தண்ணீரைக் காப்போம் என்று உறுதிமொழியும் எடுக்கச் சொல்கிறது. எடுத்தோம். தீர்மானத்தின் நகல் உங்கள் மேசையில் இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பக்கத்துத் தப்பையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சுனை தெரியவந்ததும், அங்கே கன்னிமாருக்குக் கோயில் கட்டவேண்டும், தகரக் கொட்டகை போடவேண்டும், தொட்டிக்குள் டைல்ஸ் ஒட்டி சில்வர் கம்பி வேலி வைக்கவேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. நன்கொடை ரசீதுப் புத்தகம்கூட அடித்துவிட்டார்கள். மணல் வீசிக் கல்லைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று எத்தனை கோயில்களில் கல்வெட்டையும் சிற்பத்தின் முகத்தையும் அழித்தார்கள் என்று எடுத்துச் சொன்னேன். கன்னிமார் இத்தனை காலம் கூரை கேட்கவில்லை, ஏழு கல்லாக வெயிலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாட்டி ஒரு வார்த்தை சொன்னதும் பேச்சு அடங்கியது. ஆனால் முழுவதும் அடங்கவில்லை. நீங்கள் சிமெண்டு போட்டால், அவர்களும் போடுவார்கள். ஊரை நான் தடுத்து நிறுத்தவேண்டுமென்றால் முதலில் அரசு நிறுத்தவேண்டும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை.

தொட்டி வேலையை உடனே நிறுத்தி, அதை எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தையாக 'பார்க்கிறோம்' என்று சொன்னதை ஒப்பந்ததாரர் மதிக்கவில்லை. தொட்டி கட்டித்தான் ஆகவேண்டுமென்றால் சுனையே இல்லாத கிழக்குச் சரிவில் கட்டுங்கள், இடம் காட்ட நாங்கள் வருகிறோம். அப்படியே கட்டும்போது ஒரு பக்கத்தைச் சரிவாக வையுங்கள். மாதிரி வேண்டுமென்றால் எங்கள் கீழ்த்தொட்டியைப் பாருங்கள்.

தொல்லியல் துறையிலிருந்து கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர் ஒருவரை உங்கள் துறையே எழுத்துமூலம் கேட்டு அழைத்துவாருங்கள். நாங்கள் அழைத்தால் காப்புக்காடு என்கிறார்கள், நீங்கள் அழைத்தால் அந்தப் பேச்சு எழாது. வரிகளைக் காகிதத்தில் மைப்படி எடுத்து, சிற்பங்களையும் படிகளையும் அளந்து வரைந்து பதிவு செய்யட்டும். அதுவரை பாசியைச் சுரண்டவோ, அமிலம் ஊற்றிக் கழுவவோ, சுண்ணாம்பு பூசவோ யாரையும் விடாதீர்கள். உடைந்த விளிம்புக் கல்லின் இரண்டு துண்டுகளையும் அங்கேயே வைத்திருக்கிறோம், அவை அலுவலக வாசலுக்கு அலங்காரமாகப் போய்விடக் கூடாது. சிவப்புப் பெயிண்டை எப்படி எடுப்பது என்பதைத் தொல்லியல் துறையினர் சொல்லட்டும்.

இந்தச் சுனையையும் அதற்கு மேலிருக்கும் சரிவையும் உங்கள் வேலைத்திட்டத்தில் நீர் ஆதாரமாகக் குறித்துவையுங்கள். அந்தச் சரிவில் உண்ணிச்செடியை எடுக்க இயந்திரம் விடாதீர்கள். வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டால் மறுபடி துளிர்க்காது. கைவேலைதான், ஆனால் மண் கலையாது. எடுத்த இடத்தில் ஆத்தி, நாவல், நீர்மருது என்று இந்தக் காட்டு மரங்களையே நடுங்கள். அரசு 2025இல் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோயில்காட்டைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஐந்து ஹெக்டேருக்கும் குறைவான இடம். சின்ன இடம் என்று யாரும் தள்ளிவிடவில்லை. எங்கள் சரிவையும் அந்த வகையில் பரிசீலிக்க மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு எழுதுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, பங்குனி பிறப்பதற்குள், ஊர்க்காரர்கள் உங்கள் காவலரோடு சேர்ந்து உள்ளே போய்ச் சுனை இறைக்க நிரந்தர அனுமதி கொடுங்கள். ஒவ்வொரு வருடமும் மனு எழுதிக்கொண்டிருக்க முடியாது. அன்றைக்குக் கன்னிமாருக்குப் பொங்கல் வைப்போம். நெருப்புக்குப் பயமென்றால் அடிவாரத்தில் பொங்கி எடுத்துக்கொண்டு போகிறோம், பிளாஸ்டிக் எதுவும் உள்ளே வராது. இரவில் குழி தோண்டுகிறவர்களுக்கு எதிராக ஒரு புகாரையாவது பதிவு செய்யுங்கள். வழிகாட்டிப் பலகை, செல்ஃபி மேடை, நுழைவுக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

கொட்டிய ஜல்லியை எடுக்கும்போது ஜேசிபி வேண்டாம். ஆட்களை வைத்துக் கூடையில் அள்ளுங்கள். ஊர்மக்கள் சும்மா செய்து தருவார்கள் என்று நான் எழுதமாட்டேன், அந்த வெயிலில் குனிந்து அள்ளப்போவது எழுபது வயதுப் பாட்டியும்தான். நாள் கூலி போட்டு வேலை உத்தரவு அனுப்புங்கள். வருகைப் பதிவேட்டோடு மறுநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் ஆட்கள் அங்கே இருப்பார்கள்.

இப்படிக்கு,
பணித்தளப் பொறுப்பாளர் ஒருத்தி,
கிராமசபைத் தீர்மானத்தில் கையெழுத்திட்டவர்களின் சார்பாக